யார் இந்த ஹென்றி ஷார்ட்? தர்மபுரி முதியவர்களின் கால் மரத்துப்போவதற்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

வயசானா முதுகு வளையும், கால் தள்ளாடும் என்று பல வீடுகளில் பேச்சை முடித்துவிடுவார்கள். ஆனால், வயது மட்டுமல்ல, பல ஆண்டுகள் குடித்த தண்ணீரும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 1937-லேயே எழுதியவர் ஹென்றி எட்வர்ட் ஷார்ட். இண்டூர், பென்னாகரம் என ஃப்ளோரைடு பேச்சு ஓயாத தர்மபுரி மாவட்டத்திலேயே இவர் பெயர் பலருக்குத் தெரியாது.

1887-ல் பஞ்சாபில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் மருத்துவம் படித்துவிட்டு, 1910-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். கருங்காய்ச்சலை மணல் ஈ பரப்புகிறது என்பதை 1942-ல் சுவாமிநாத், ஆண்டர்சன் ஆகியோருடன் சேர்ந்து நிரூபித்தார். மலேரியா கிருமி ரத்தத்துக்கு வரும் முன் கல்லீரலில் வளர்வதை 1948-ல் லண்டனில் கார்ன்ஹாமுடன் கண்டுபிடித்தார். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

நமக்கு முக்கியமானது, அவர் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் இருந்த 1930-கள். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களில், பல்லில் பழுப்புக் கறை மட்டுமல்ல, நடுத்தர வயதைத் தாண்டியவர்களின் முதுகும் கழுத்தும் விறைத்துப்போயிருந்தன. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்பணும். கை, கால் மரத்துப்போய், சிலர் நடக்கவே முடியாமல் படுத்துவிட்டார்கள்.

மருத்துவர் மெக்ராபர்ட், எக்ஸ்ரே நிபுணர் பார்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோருடன் சேர்ந்து ஷார்ட் இதை ஆராய்ந்தார். எக்ஸ்ரேயில் எலும்புகள் வழக்கத்தைவிட அடர்த்தியாக, வெள்ளையாகத் தெரிந்தன. காரணம், கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு.

சரி, எலும்பு நோய்க்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்? ஃப்ளோரைடு ஆண்டுக்கணக்கில் எலும்பில் படிகிறது. முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களும் எலும்பு போல இறுகுகின்றன. தண்டுவடம் போகும் பாதை குறுகி, நரம்பு நசுங்குகிறது. இளம் வயதில் குடித்த தண்ணீருக்கான விலையை வயதான பிறகு கொடுக்க வேண்டியிருக்கிறது. இது மறதி நோய் மாதிரி இல்லை. அங்கே உடம்பு நடமாடும்போதே நினைவு நழுவும். இங்கே நினைவு தெளிவாக இருக்க, உடம்பு பூட்டிக்கொள்ளும். எது கொடுமை என்று சொல்வது கஷ்டம்.

படிந்ததை முழுசா கரைத்து எடுக்க மருந்து இல்லை. நரம்பு ரொம்ப நசுங்கினால் சிலருக்கு அறுவை சிகிச்சை செய்வார்கள். மற்றபடி தண்ணீரை மாற்றுவதுதான் வழி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ஷார்ட் 1987-ல் தனது நூறாவது வயதில் காலமானார். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008-ல். காவிரித் தண்ணீர் வரத் தொடங்கியது 2013-ல். அதற்கு முன் முப்பது, நாற்பது வருஷம் போர் தண்ணீர் குடித்தவர்களுக்குத்தான் இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறது. கால் மரத்துப்போகிறது என்று அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்கள், சர்க்கரை, பிரஷர் இருப்பதைச் சொல்வதோடு எந்த ஊர்த் தண்ணீரை எத்தனை வருஷம் குடித்தார்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்வது நல்லது.