நோயின்றி நோய் சுமந்த மேரி மாலன்

பாக்டீரியா என்றவுடன் லூயி பாஸ்டர், ராபர்ட் காக் ஆகிய பேரறிஞர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வரும். அவர்களைப் பற்றிக் கட்டுரை வராத கல்லூரி மலர் இல்லை எனலாம். ஆனால் அதே பாக்டீரியாவால் உலகெங்கும் பெயர் பரவிய சமையற்காரப் பெண்மணி ஒருவரும் உண்டு. அவர் நுண்ணோக்கியில் கண் வைத்து ஆராய்ந்தவர் அல்லர், ஆராயப்பட்டவர். டைபாய்டு மேரி என்று ஏளனமாக அழைக்கப்பட்ட மேரி மாலனே அவர்.

அயர்லாந்தின் வடபகுதியில், டைரோன் மாவட்டத்துக் குக்ஸ்டவுன் என்னும் ஊரில் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் மேரி பிறந்தார். பதின்ம வயதிலேயே பிழைப்புத் தேடிக் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். அங்குச் செல்வர் இல்லங்களில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். சமையற்கலை அவருக்குக் கைவந்தது. வீட்டு வேலை செய்வோருள் சமையல் செய்வோருக்கே மதிப்பும் ஊதியமும் மிகுதி. தன் கையை நம்பித் தலைநிமிர்ந்து வாழ்ந்தவர் மேரி. அந்தக் கையே அவருக்குப் பகையாயிற்று!

1906-ஆம் ஆண்டுக் கோடையில் சார்லஸ் வாரன் என்னும் வங்கியாளர், லாங் தீவில் ஆய்ஸ்டர் பே என்னும் கடற்கரை ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் அவருடைய மகளுக்கு டைபாய்டு கண்டது. அடுத்தடுத்து அவ்வீட்டிலிருந்த 11 பேரில் 6 பேர் படுக்கையில் வீழ்ந்தனர். டைபாய்டு ஏழைகளின் குடியிருப்பில் வரும் நோய் என்று எண்ணியிருந்த காலம் அது. இனி யார் இந்த வீட்டுக்குக் குடிவருவார் என்று கலங்கிய உரிமையாளர், ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை அழைத்தார். குடிநீர், பால், கழிவுநீர், கடற்கரையில் விற்கும் சிப்பி என ஒவ்வொன்றாக ஆராய்ந்தார் சோப்பர். எதிலும் குற்றமில்லை. நோய் தோன்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன் வீட்டில் புதிதாகச் சேர்ந்தது எது? ஒரு சமையற்காரி! அவரும் நோய் பரவிய சில வாரங்களில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

சோப்பருக்கு ஓர் ஐயம் எழுந்தது. நன்கு வேகவைத்த உணவில் டைபாய்டு பாக்டீரியா பிழைத்திருக்க முடியாதே! விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் கிடைத்தது. பீச் பழங்களைப் பச்சையாக அரிந்து சேர்த்து மேரி செய்த ஐஸ்கிரீமை அனைவரும் விரும்பி உண்டிருந்தனர். குளிர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. அதன் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. கையிலிருந்து பழத்துக்கும், பழத்திலிருந்து கிண்ணத்துக்கும் அது உயிருடனேயே சென்றது.

அப்படியானால் அடுப்பில் ஏற்றிய உணவெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிட வேண்டா. 1914-இல் கலிபோர்னியாவின் ஹான்போர்டு என்னும் ஊரில் நடந்த விருந்தொன்றில் வேறொரு பெண்மணி சமைத்த ஸ்பாகெட்டியை உண்ட 93 பேர் டைபாய்டுக்கு ஆளாயினர். வில்பர் சாயர் என்ற மருத்துவர் அதே போன்ற உணவைச் செய்து வேகவைத்து ஆராய்ந்தார். மேற்பரப்பு சிவந்து வெந்திருந்தபோதும் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருந்தது. பாக்டீரியா சாவதற்குப் பதில் செழித்து வளர ஏற்ற சூடு அது. பெரிய பாத்திரத்தில் ஆழமாகச் சமைப்போர் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி!

மீண்டும் மேரியிடம் வருவோம். 1900 முதல் அவர் வேலை பார்த்த 8 குடும்பங்களில் 7-இல் டைபாய்டு தோன்றியிருந்தது. 22 பேர் நோயுற்று ஒருவர் இறந்திருந்தார். இதில் ஒரு வேதனையான செய்தியும் உண்டு. 1902-இல் ஒரு வீட்டில் பெரும்பாலோர் நோயில் வீழ்ந்தபோது, மேரி ஓடிப்போகாமல் நின்று பணிவிடை செய்தார். அதற்காக வீட்டுத் தலைவர் 50 டாலர் பரிசளித்தார். இவரா கொலைகாரி?

டைபாய்டிலிருந்து மீண்டவர்களில் நூற்றுக்குச் சிலருடைய பித்தப்பையில் பாக்டீரியா நிலையாகத் தங்கிவிடுகிறது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. மலத்தில் மட்டும் கிருமி வெளியேறுகிறது. கழிப்பறை சென்றபின் சோப்பிட்டு நன்கு கழுவாத கையின் நகக்கண்ணில் தங்கி உணவை அடைகிறது. இத்தகையோரைப் பற்றி ராபர்ட் காக் 1902-இலேயே எடுத்துரைத்திருந்தார். ஆனால் அது மருத்துவ உலகுக்கே புதுச் செய்தி.

1907 மார்ச்சில் நியூயார்க் நகரத்து மாளிகை ஒன்றின் சமையலறையில் மேரியைக் கண்டுபிடித்த சோப்பர், எடுத்த எடுப்பில் அவருடைய மலமும் சிறுநீரும் இரத்தமும் வேண்டும் என்றார். மேரி இறைச்சி குத்தும் நீண்ட முள்கரண்டியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். சோப்பர் தெருவுக்கு ஓடினார். சிரிப்புக்குரிய காட்சிதான். ஆயினும் என் நெஞ்சம் மேரியின் பக்கமே சாய்கிறது. என் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவருமில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிரி கையில் இருக்கிறது என்று அடுப்படியில் நிற்போரிடம் சொல்லிப் புரியவைப்பது எத்துணைக் கடினம் என்பதை நான் அறிவேன். வாழ்நாளில் டைபாய்டு வந்ததாகவே அறியாத ஒருவரிடம், நீ நோய் பரப்புகிறாய் என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்?

பின்னர் ஜோசபின் பேக்கர் என்னும் பெண் மருத்துவர் காவலர்களுடன் வந்தார். பல மணி நேரத் தேடலுக்குப் பின், ஒரு சிற்றறையின் கதவிடுக்கில் சிக்கியிருந்த துணித்துண்டு மேரியைக் காட்டிக்கொடுத்தது. போராடிய அவரை அடக்க, ஆம்புலன்சில் மருத்துவர் அவர்மேலேயே அமர்ந்து செல்ல நேர்ந்ததாம்!

ஆய்வில் பாக்டீரியா இருப்பது உறுதியாயிற்று. நார்த் பிரதர் என்னும் தீவில், தொற்றுநோய் மருத்துவமனையை ஒட்டிய சிறு குடிலில் மேரி வைக்கப்பட்டார். வழக்கில்லை, தீர்ப்பில்லை, தண்டனைக் காலமும் இல்லை. பித்தப்பையை அறுத்தெடுக்கலாம் என்றனர், அந்நாளில் அது உயிருக்கு ஆபத்தான அறுவை, மேரி மறுத்தார். 1909 வரை ஆராய்ந்த 163 மாதிரிகளில் 120-இல் பாக்டீரியா தென்பட்டது. அவரே தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிய மாதிரிகளிலோ எதுவும் இல்லை! கிருமி விட்டுவிட்டு வெளிப்படுவதால் வந்த குழப்பம் இது. தான் குற்றமற்றவர் என்பதற்கு மேரிக்கு வேறென்ன சான்று வேண்டும்? நீதிமன்றம் சென்றார், தோற்றார்.

1910-இல் புதிய சுகாதார ஆணையர் லெடர்லி, இனிச் சமையல் வேலைக்குப் போவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அவரை விடுவித்தார். மேரி துணி வெளுக்கும் வேலைக்குச் சென்றார். அதில் வருவாய் மிகக் குறைவு. வாழ்நாள் முழுதும் கற்ற தொழிலைப் பறித்தவர்கள், ஈடாக வேறொரு தொழிலைக் கற்றுக்கொடுக்கவில்லை. 1915-இல் நியூயார்க்கின் ஸ்லோன் மகளிர் மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு கண்டது; 2 பேர் இறந்தனர். அங்கே பிரௌன் என்ற பொய்ப்பெயரில் சமைத்துக்கொண்டிருந்தவர் மேரியே! இம்முறை அவருக்காகப் பரிந்து பேச நமக்கும் நா எழவில்லை. வாக்குக் கொடுத்தபின், அதுவும் பிள்ளை பெறும் பெண்கள் படுத்திருக்கும் இடத்தில் சமைத்தது பெருங்கொடுமை. எனினும் அந்த இருவரின் சாவில், ஐந்தாண்டுகள் அவரைக் கவனியாது விட்டவர்களுக்கும் பங்குண்டு என்பேன்.

மீண்டும் அதே தீவு. 23 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கழிந்தன. பின்னாளில் தீவின் ஆய்வகத்திலேயே உதவியாளராகப் பணியாற்றினார் என்பது விந்தை. 1932-இல் பக்கவாதம் தாக்கியது. 1938 நவம்பர் 11-ஆம் நாள் தம் 69-ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டுக்குள் அவரைப் போன்று நோயின்றிக் கிருமி சுமப்போர் 400-க்கும் மேற்பட்டோரை நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை கண்டறிந்திருந்தது. டோனி லாபெல்லா என்பவரால் 122 பேர் நோயுற்று 5 பேர் இறந்தனர்; அவரையும் சில நாட்களில் விட்டுவிட்டனர். ஆயுள் முழுதும் அடைத்து வைக்கப்பட்டவர் மேரி ஒருவரே. பிராங்க்ஸ் பகுதியின் செயின்ட் ரேமண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இறுதிச் சடங்கிற்கு வந்தவர்கள் 9 பேர்.