விமானத்துக்கு எந்த எஞ்சின்? சைக்கிள் வண்டி மோட்டாரில் தொடங்கிய சாண்டோஸ் துமோன்

வீட்டிலேயே குட்டி விமானம் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்க. இறக்கை, வால் எல்லாம் பிறகு. முதல் தலைவலி எஞ்சின்தான். சக்தி கூடினால் எடையும் கூடும். எடையைக் குறைத்தால் தூக்கவே தூக்காது. இந்தச் சிக்கலோடு பல ஆண்டுகள் போராடியவர் ஆல்பர்ட்டோ சாண்டோஸ் துமோன்.

யார் இவர்?

1873-ல் பிரேசிலில் பிறந்தவர். அப்பா பெரிய காபித் தோட்டக்காரர். தோட்டத்து இயந்திரங்களோடு வளர்ந்த பையன், இளம் வயதிலேயே பாரிஸுக்குப் போனார். அங்கே அவரைக் கவர்ந்தது பெட்ரோல் மோட்டார்.

மரத்தில் தொங்கிய வண்டி

மோட்டாரை ஆகாயக் கப்பலில் மாட்டினால், அதிர்வில் எல்லாம் ஆட்டம் கண்டுவிடாதா? அவர் செய்த சோதனை எளிமையானது. தன் மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கயிறு கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டு, எஞ்சினை ஓடவிட்டார். தரையில் இருந்ததைவிட அதிர்வு குறைவு! உடனே இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்து, சுமார் 3.5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை உருவாக்கினார். 1898-ல் அவருடைய முதல் ஆகாயக் கப்பலை ஓட்டியது அதுதான். 1901-ல் ஈபிள் கோபுரத்தைச் சுற்றிவந்து பரிசு வென்றார்.

காற்றைவிடக் கனமான விமானம்?

இங்கேதான் கணக்கு மாறுது. ஆகாயக் கப்பலை ஹைட்ரஜன் வாயு தூக்கும். எஞ்சின் தள்ளினால் போதும். விமானத்தில் எஞ்சின் சக்திதான் எல்லாம். 1906-ல் செய்த '14-பிஸ்' விமானத்துக்கு 24 குதிரைத்திறன் அந்துவானெத் எஞ்சின் பத்தவில்லை. 50 குதிரைத்திறனுக்கு மாறினார். அக்டோபர் 23-ல் 60 மீட்டர், நவம்பர் 12-ல் 220 மீட்டர் பறந்தார்.

அப்போ பெரிய எஞ்சின்தான் விடையா?

இல்ல. அடுத்து நேர் எதிர்த் திசையில் போனார். விமானத்தையே சுருக்கினார். 1907-ல் மூங்கில் உடலோடு 'டெமோய்செல்'. இறக்கையின் அகலம் சுமார் 5 மீட்டர். எஞ்சின் 20 குதிரைத்திறன், எதிரெதிராக இரண்டு சிலிண்டர். பிறகு எஞ்சினைக் கீழே இறக்கி பெல்ட் போட்டுப் பார்த்தார், சரிப்படவில்லை. மறுபடி மேலேயே வைத்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், இறக்கைக்கு அடியில் இருந்த மெல்லிய குழாய்களில் ஓடியது. தனி ரேடியேட்டரின் எடை மிச்சம். 1909-ல் கூடுதல் சக்தியுள்ள எஞ்சின்களோடு இது நன்றாகவே பறந்தது.

ஒரு விஷயம்: அவர் சுமார் 50 கிலோ எடைதான். கனமான பைலட்டுக்கு அதே எஞ்சின் திணறும். அதனால எஞ்சின் தேர்வில் ஓட்டுபவரின் எடையும் கணக்கில் வரணும்.

காப்புரிமை வேண்டாம்

டெமோய்செல் வடிவமைப்புக்கு அவர் உரிமை கோரவில்லை. 1910-ல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழில் வரைபடங்கள் வெளியாயின. யார் வேண்டுமானாலும் செய்யலாம். பிரெஞ்ச் ஓபன் மைதானத்துக்குப் பெயர் தந்த ரோலண்ட் காரோஸும் டெமோய்செல்லில்தான் பறக்கத் தொடங்கினார்.

அதே 1910-ல் நோய் காரணமாக சாண்டோஸ் துமோன் பறப்பதை நிறுத்தினார். விமானங்கள் குண்டு வீசுவது அவரை வாட்டியது. அதைத் தடை செய்யும்படி 1926-ல் சர்வதேச சங்கத்திடம் முறையிட்டார், பலனில்லை. பிரேசிலில் உள்நாட்டுப் போர் நடந்த 1932 ஜூலையில், 59 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

கையில் இருக்கும் எஞ்சினுக்கு ஏற்ற அளவில் விமானத்தைச் செய்வது: வீட்டில் விமானம் கட்டுபவர்கள் இன்றும் போடும் கணக்கு இதுதான்.