சூரியனில் விழுந்த ரோபோ பையனும், அவனைத் திரும்பத் திரும்ப எழுப்பிய ஒசாமு தெசுகாவும்!

பழைய கார்ட்டூன் ஒன்றை மறுபடி எடுக்கப்போறாங்கன்னு நியூஸ் வந்தால் கமென்ட் பாக்ஸில் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். எங்க சின்ன வயசைக் கெடுக்காதீங்கன்னு பாதிப் பேர் கதறுவார்கள். மீதிப் பேர் டிரெய்லரை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2016-ல் பவர்பஃப் கேர்ள்ஸ் திரும்ப வந்தப்போ பழைய ரசிகர்கள் வறுத்தெடுத்தார்கள். 2024-ல் எக்ஸ்-மென் 97 வந்தப்போ அதே மாதிரி ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அப்போ, பழசை எழுப்பலாமா, கூடாதா?

இந்தச் சண்டையில் யாருமே கூப்பிடாத ஒரு சாட்சி இருக்கிறார். ஜப்பான்காரர். டாக்டர் பட்டம் வாங்கியவர். இறந்து 35 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் ஒசாமு தெசுகா. ஆஸ்ட்ரோ பாயின் அப்பா!

1928 நவம்பர் 3 அன்று ஒசாகா பக்கத்தில் பிறந்தவர். வளர்ந்தது தகராசுகா என்ற ஊரில். முழுக்கப் பெண்களே நடிக்கும் இசை நாடகக் குழுவுக்குப் பேர்போன ஊர் அது. அம்மா அடிக்கடி அந்த நாடகங்களுக்குக் கூட்டிப்போவார். அப்பா வீட்டிலேயே ஒரு சின்ன புரொஜெக்டர் வைத்திருந்தார். டிஸ்னி, ஃபெலிக்ஸ் பூனை எல்லாம் வீட்டுச் சுவரிலேயே ஓடும். ஒரு பையன் கெட்டுப்போக இதைவிட என்ன வேணும்? போதாததற்குப் பூச்சிப் பைத்தியம் வேறு. ஒசாமுஷி என்ற வண்டின் பெயர் தன் பெயரோடு ஒத்துப்போனதால், பெயரை எழுதும்போது பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் ஆரம்பித்த அனிமேஷன் கம்பெனிக்கும் முஷி, அதாவது பூச்சி என்றே பெயர் வைத்தார்.

அப்புறம் போர் வந்தது. பள்ளி மாணவர்களை ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். 1945 ஜூனில் ஒசாகா மேல் குண்டுமழை பெய்தபோது தெசுகாவுக்கு வயது 16. காவல் கோபுரத்தில் நின்றிருந்தவர் மயிரிழையில் தப்பினார். கீழே இறங்கி வந்து அவர் பார்த்த நகரமும் ஆற்றங்கரைப் பிணங்களும் கடைசிவரை அவர் படங்களை விட்டுப் போகவில்லை. அதே வருஷம், முக்கால்வாசி காலியாகக் கிடந்த ஒரு தியேட்டரில் ராணுவப் பிரசாரத்துக்காக எடுக்கப்பட்ட மொமொதாரோ அனிமேஷன் படத்தைப் பார்த்தார். பிரசாரம் அவர் மனசில் ஒட்டவில்லை, படங்கள் அசைந்த விதம்தான் ஒட்டியது. என்றைக்காவது நானும் ஒன்று எடுப்பேன்னு முடிவு பண்ணிக்கொண்டே வெளியே வந்தார்.

போர்க்காலத்தில் கைகளில் வந்த ஒரு கொடுமையான தோல் நோயை ஒரு டாக்டர்தான் குணமாக்கினார். அந்த நன்றியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். படித்துக்கொண்டே 1946-ல் பத்திரிகைகளில் வரைய ஆரம்பித்து, 1947-ல் நியூ ட்ரெஷர் ஐலேண்ட் என்ற மங்கா புத்தகம் சக்கைப்போடு போட, டாக்டரா, ஓவியரா என்ற குழப்பம் வந்தது. உனக்கு எது பிடிக்குமோ அதைச் செய்னு அம்மா சொல்லிவிட்டார். படிப்பைப் பாதியில் விடவும் இல்லை. 1961-ல் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமே வாங்கினார். சாம்பிள் என்ன தெரியுமா? குளத்து நத்தையின் விந்தணு!

1952-ல் ஷோனன் என்ற சிறுவர் பத்திரிகையில் டெட்ஸுவான் அடோமு தொடர் தொடங்கியது. அதுதான் நமக்கு ஆஸ்ட்ரோ பாய். கதையை ஒரு நிமிஷம் கவனியுங்கள். டென்மா என்ற விஞ்ஞானியின் ஒரே மகன் கார் விபத்தில் இறந்துபோகிறான். துக்கம் தாங்காத அப்பா, அச்சு அசல் மகனைப் போலவே ஒரு ரோபோவைச் செய்கிறார். கொஞ்ச நாளில் அவருக்கு ஒன்று உறைக்கிறது, இவன் வளரவே மாட்டான். அந்த ஆத்திரத்தில் ரோபோ பையனை சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். ஓசனோமிசு என்ற இன்னொரு விஞ்ஞானி அவனை மீட்டு, மகனோட நகலாகப் பார்க்காமல் அவனை அவனாகவே வளர்க்கிறார். ரீமேக் பற்றி இன்றைக்கு நாம் போடும் அத்தனை சண்டையும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள்.

1963 ஜனவரி 1 அன்று அது டிவிக்கு வந்தது. வாரம் ஒரு அரை மணி நேர எபிசோடு. அதுவரை ஜப்பானில் யாரும் இப்படி ஒரு முயற்சியை வெற்றிகரமாக நடத்திக்காட்டியதில்லை. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். டிஸ்னி தரத்தில் வாராவாரம் வரைந்து முடிக்கிறது நடக்கவே நடக்காது. தெசுகா ஒரே படத்தை மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தினார். பேசும்போது வாய் மட்டும் அசையும். நடக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஆஸ்ட்ரோ பறக்கும் படங்களைச் சேர்த்துவைத்து, பின்னணியை மட்டும் மாற்றிப் பயன்படுத்துவார்கள். அசைவு குறைந்த இடத்தைக் கதையாலும் கோணத்தாலும் சத்தத்தாலும் நிரப்பினார்கள். இன்றைக்கு நீங்கள் பிஞ்ச் வாட்ச் பண்ணும் அனிமே ஸ்டைலுக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான் போடப்பட்டது. ரேட்டிங் 40 சதவிகிதத்தைத் தாண்டியது. அதே வருஷம் அமெரிக்க டிவிக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால், இதில் ஒரு கசப்பும் உண்டு. போட்டியாளர்கள் உள்ளே வரக் கூடாது என்பதற்காக, தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்குத்தான் எபிசோடுகளை விற்றார் தெசுகா. பொம்மை, ஸ்டிக்கர், சாக்லேட் என்று உரிமம் விற்று அந்த ஓட்டையை அடைக்கலாம் என்பது கணக்கு. அவருக்கு ஓரளவு அடைந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அந்த மலிவு விலையே வழக்கமாகிவிட்டது. அனிமேட்டர்களின் சம்பளம் இன்றுவரை பேசுபொருளாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஹயாவோ மியாசாகி இதை வெளிப்படையாகவே விமர்சித்தவர், அதுவும் தெசுகா இறந்த அதே வருஷத்தில். சரியான விமர்சனம் என்றுதான் எனக்கும் படுகிறது. மேதைகள் பட்ஜெட் போடும்போது பக்கத்தில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பது நல்லது.

193 எபிசோடுகள். 1966 டிசம்பர் 31 அன்று கடைசி எபிசோடு. கொதிக்கும் சூரியனிடமிருந்து பூமியைக் காப்பாற்ற, ஆஸ்ட்ரோ சூரியனுக்குள்ளேயே பாய்ந்துவிடுகிறான். ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குப் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி இப்படி முடிந்தது.

அவனை முதலில் எழுப்பியது யார்? தெசுகாவேதான்! 1967-லேயே ஒரு நாளிதழில், வேற்றுகிரகப் பூச்சிகள் ஆஸ்ட்ரோவின் உடலை மீட்டுப் பழுது பார்ப்பது மாதிரி புதுக் கதையைத் தொடங்கிவிட்டார். மனுஷனின் சுபாவமே அப்படி. தன் மங்காக்கள் மறுபதிப்பு ஆகும்போதெல்லாம் பக்கங்களை வெட்டுவார், ஒட்டுவார், புதுசாக வரைவார். நியூ ட்ரெஷர் ஐலேண்டை 1980-களில் முதல் பக்கத்திலிருந்து முழுசாகத் திரும்ப வரைந்தார். பழசை அப்படியே பாதுகாக்கணும் என்ற பதற்றம் ரசிகர்களுக்குத்தான் இருந்தது, அவருக்கு இல்லை.

1970-களின் ஆரம்பம் அவருக்கு இருட்டு. பெரியவர்களுக்கான முரட்டு காமிக்ஸ் அலை அடித்தது. தெசுகா பழைய ஆள் என்று ஓரம் கட்டினார்கள். 1973-ல் முஷி புரொடக்‌ஷன் திவால். அதே வருஷம் நவம்பரில், லைசென்ஸ் இல்லாத ஒரு சர்ஜனின் கதையாக பிளாக் ஜாக் தொடர் ஆரம்பித்தது. சில வாரங்களில் முடிந்துவிடும் என்று நினைத்தது பத்து வருஷம் ஓடியது. படித்த மருத்துவம் அங்கேதான் கைகொடுத்தது.

எழுந்து நின்றதும் மறுபடி ஆஸ்ட்ரோ ஆசை. 1977-லேயே கலரில் எடுக்க ஒரு முயற்சி நடந்தது. திவாலான கம்பெனியோடு உரிமை சிக்கிக்கொண்டதால், ஜெட்டர் மார்ஸ் என்ற வேறு ரோபோ பையனாக அது வெளிவந்தது. 1980-ல்தான் ஆஸ்ட்ரோ கலரில் வந்தான், 52 எபிசோடுகள். ஆஸ்ட்ரோவின் அதே வடிவமைப்பில் பிறந்த அட்லஸ் என்ற எதிரியை அதில் கொண்டுவந்தார். நல்ல தொடர். ஆனால், 1963-ன் அலை திரும்பவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் கண்டம் வந்திருந்தது. அதை இயக்கிய யொஷியுகி தொமினோ, முதல் ஆஸ்ட்ரோ பாயில் தெசுகாவிடம் தொழில் கற்றவர். அவர் திறந்துவிட்ட பாதையில் சிஷ்யர்கள் அவரையே தாண்டிப் போயிருந்தார்கள். படைத்தவரே வந்து எழுப்பினாலும் காலம் கூட எழுந்து வராது என்பது அப்போது தெரிந்திருக்கும்.

1989 பிப்ரவரி 9, வயிற்றுப் புற்றுநோய். வயது 60. அந்தக் கால ஜப்பானிய வழக்கப்படி நோயின் பெயரை அவரிடம் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் வரைந்தார். ஃபீனிக்ஸ் உட்படப் பல கதைகள் பாதியில் நின்றன. விட்டுப்போனது சுமார் 700 படைப்புகள், ஒன்றரை லட்சம் பக்கங்கள்.

அதற்குப் பிறகு ஆஸ்ட்ரோவை எழுப்பியவர்கள் வேறு வேறு ஆட்கள். கதைப்படி அவன் பிறந்தநாள் 2003 ஏப்ரல் 7. அதற்கு முந்தைய நாள் ஜப்பானில் புது டிவி தொடர் தொடங்கியது. 2009-ல் ஹாங்காங் ஸ்டுடியோ ஒன்று ஹாலிவுட் பாணியில் படம் எடுத்தது. டென்மாவுக்கு நிகோலஸ் கேஜ் குரல். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால், பாக்ஸ் ஆபீஸில் விழுந்தது. என் கணக்கில் அது டென்மா செய்த தப்புதான். முகம் அச்சு அசல், உள்ளே அந்தப் பையன் இல்லை.

புளூட்டோ வேற லெவல். ஆஸ்ட்ரோ பாயில் 1964-ல் தொடங்கிய ஒரு கதையை எடுத்து, ஜெர்மன் துப்பறியும் ரோபோ ஒன்றை நாயகனாக்கி, பெரியவர்களுக்கான த்ரில்லராக 2003-லிருந்து வரைந்தார் நவோகி உராசாவா. தெசுகாவின் மகன் மகோதோ முதலில் அனுமதி தரவில்லை. அப்புறம் சம்மதித்தவர், அப்பாவின் கோடுகளைக் காப்பி அடிக்க வேண்டாம், உங்கள் கோட்டிலேயே வரையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். போரில் பெற்ற காயமும் வெறுப்பும் எப்படி ரோபோக்களுக்குள்ளும் இறங்கும் என்பதுதான் புளூட்டோ. ஒசாகா கோபுரத்தில் நின்ற 16 வயதுப் பையனை, அவர் போட்ட கோடு ஒன்றுகூட இல்லாமல் அதில் பார்க்க முடிகிறது. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் 8 எபிசோடுகளாக வந்தது.

அதே 2023-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. ஏ.ஐ துணையோடு பிளாக் ஜாக்கின் புது அத்தியாயம் ஒன்றை, அது முதலில் வெளிவந்த அதே வார இதழில் வெளியிட்டார்கள். படைப்பாளிகள் கூடவே இருந்து திருத்தி, வரைந்து முடித்தார்கள். தெசுகாவே உயிரோடு இருந்தால் அந்த மெஷினை முதல் ஆளாகப் பிரித்து மேய்ந்திருப்பார், அதில் எனக்கு டவுட் இல்லை. ஆனால், மறுபதிப்புக்கு முன் அந்தப் பக்கங்களை வெட்டித் திரும்ப வரைய அவர் இல்லையே!

இந்த வீக் எண்டு டைம் இருந்தால் 1963 ஆஸ்ட்ரோ பாயின் முதல் எபிசோடைத் தேடிப் பாருங்கள். அப்புறம் புளூட்டோ. முதலாவதில் எந்தெந்த இடத்தில் படம் அசையாமல் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். சர்க்கஸ் காட்சி வரும்போது எண்ணிக்கையை விட்டுவிடுவீர்கள்.