வள்ளல் அழகப்பரும் ஒளிபுகும் கவசமும்

திருப்பூரைச் சார்ந்த நெருப்பெரிச்சலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பின்னலாடைத் தொழிலால் ஜீவிக்கும் குடும்பங்கள் பல. நூலானது சாயத்தை உட்கொள்ளும் என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர். உலோகமும் அவ்வாறே சாயமேற்கும் என்றால் நம்மிற் பலர் வியப்படைவோம். அத்தகைய ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நடைபெறுவதற்கு இடந்தந்தவர், தாமும் நூற்றொழிலிற் பொருளீட்டிய டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார் ஆவர். அப்பெருந்தகையாரின் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இவர் 1909-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரிற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் கற்றுப் பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் பயின்றார். தாய்நாடு திரும்பியபின் வழக்குமன்றத்தை நாடாது வாணிபத்தில் இறங்கி, 1937-ல் கொச்சி ராஜ்யத்தில் நெசவாலையொன்றை நிறுவினார். செல்வம் பெருகிற்று, ஆயினும் அதனைப் பூட்டிவைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுவதற்கு ஐந்து இலட்சம் ரூபாய் ஈந்தார். நெசவு, தோல், இரசாயனப் பொறியியல் ஆகிய துறைகள் அங்கே வளர்ந்தன. 1947 ஜூலையில் சென்னையில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில், காரைக்குடியில் கல்லூரி அமைப்பதாக வாக்களித்தார். ஆகஸ்டு 11-ந் தேதியே அது தொடங்கப்பெற்றது. ஆங்கில அரசினர் அளித்த ஸர் பட்டத்தையும் நாடு விடுதலையடைந்தபின் துறந்தார்.

அக்காலத்தில் டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் முயற்சியால் தேசிய ஆராய்ச்சிச்சாலைகள் எழலாயின. டெல்லி, பூனா, ஜாம்ஷெட்பூர் முதலிய பெருநகரங்களுக்கே அவை உரியன என எண்ணப்பட்ட வேளையில், மழை குன்றிய காரைக்குடியை யார் நினைப்பர்? அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளிக்க முன்வந்தார். 1948 ஜூலை 25-ல் பண்டித ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அம்மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார்.

உலோகங்களை அரிப்பினின்று காப்பது அந்நிலையத்தின் தலையாய பணிகளுள் ஒன்று. உப்புக்காற்று ஓயாது வீசும் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் நிறுத்தி, எப்பூச்சு எத்தனை காலம் தாங்கும் என ஆராய்கின்றனர். அங்ஙனம் ஆராயப்படும் காப்புகளுள் அனோடைசிங் என்பது மிக அழகியது. 1923-ல் இங்கிலாந்தில், கடல் விமானங்களின் உறுப்புகளை உப்புநீரினின்று காக்கும் பொருட்டு இது முதன்முதல் பெருவாரியாகக் கையாளப்பட்டது.

இதன் முறையைக் கூறுவோம். அலுமினியப் பொருளைக் கந்தக அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, அதனை நேர்மின்வாயாக்கி மின்சாரம் செலுத்துவர். உடனே பிராணவாயு அவ்வுலோகத்தோடு கூடி, அதன் மேற்பரப்பையே ஆக்ஸைடுப் படலமாக மாற்றும். அது மேலே பூசிய வண்ணமன்று, உலோகத்தினின்றே விளைந்தது, ஆதலின் எளிதில் உரிந்து விழாது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே கனமுடையதாயினும், அரிப்பைத் தடுக்கும், கீறலைத் தாங்கும், மின்சாரத்தையும் கடத்தாது. கண்ணாடிபோல் ஒளிபுகுவதாகலின் உலோகத்தின் பொலிவும் மறையாது. மேலும், தேனடைபோன்ற நுண்துளைகள் அதில் நிறைந்துள்ளன. சாயத்தில் தோய்த்தால் துணியைப்போலவே நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்பு கொதிநீரில் இட்டால் துளைகள் அடைபட்டு நிறம் நிலைக்கும். நம் இல்லங்களின் ஜன்னற் சட்டங்களிலும் சமையற் பாத்திரங்களிலும் இவ்வித்தை இன்று விளங்குகின்றது.

அழகப்பர் இக்கலையைக் கண்டுபிடித்தாரல்லர், ஆராய்ச்சியாளரும் அல்லர். எனினும், நூலும் சாயமும் தந்த பொருளை, அவற்றொடு தொடர்பற்றதாகத் தோன்றிய ஒரு விஞ்ஞானத்துக்கு ஈந்தார். தம் கொடையின் பயனை முற்றக் காண அவருக்கு ஆயுள் வாய்த்திலது. 1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், மறு வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், இம்மண்ணுலகை நீத்தார்.

மாணவ நண்பர்களே, பொருளீட்டப் புகும் நம்மிற் சிலரேனும், நம் சிற்றூர்களில் ஓர் ஆராய்ச்சிச்சாலைக்கு இடந்தருவோமாயின், அதுவே அவ்வள்ளலுக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.