மேசைப்பந்து ஆசான் ஒகிமுரா

நூற்றாண்டு மலர்களில் வழமையாக இடம்பெறும் வாழ்க்கை வரலாறுகள் கல்விமான்களுடையவையாக அல்லது கொடையாளிகளுடையவையாக இருக்கும். நாம் இம்முறை ஒரு விளையாட்டுப் பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்திருக்கிறோம். அதிலும் மேசைப்பந்துப் பயிற்றுவிப்பாளர். மைதானம் வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம், இரண்டு மேசைகளை ஒட்டி வைத்து நடுவே கொப்பிகளை அடுக்கினால் அதுவே வலை. பெண் பிள்ளைகள் விளையாடுவதற்கு வீட்டில் அதிகம் மறுப்புச் சொல்லாத ஆட்டம் அது ஒன்றுதான். குறிஞ்சாக்கேணியில் படித்து இன்று எங்கெங்கோ வாழும் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவர் பெயர் இச்சிரோ ஒகிமுரா. ஜப்பானியர். ஜப்பான் என்றதும் நமது மாவட்டத்து மூத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1942 ஏப்ரல் 9ஆம் திகதிதான். அன்று காலை திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஒரு விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் விழுந்து வெடித்தது. உம்மம்மாமார் சொல்லக் கேட்டு வளர்ந்த கதை அது. அந்தக் காலையில் ஒகிமுரா ஒன்பது வயதுச் சிறுவன். தன் நாட்டு விமானங்கள் எங்கெங்கு போயின என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் போர் விட்டுச் சென்ற வெறுப்பின் நடுவேதான் அவர் பின்னாளில் மட்டையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

1932 ஜூன் 25ஆம் திகதி ஷிசுவோக்கா மாகாணத்தின் இத்தோ என்னும் கடலோர ஊரில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் தனியாக உழைத்து வளர்த்தார். போர் முடிந்தபோது ஜப்பான் சாம்பலாகிக் கிடந்தது, உணவுக்கே தட்டுப்பாடு. டோக்கியோவில் உயர்தரப் பாடசாலையில் படிக்கும்போது, பதினாறு வயதில், ஒகிமுரா முதன்முதலாக மேசைப்பந்து ஆடினார். உலக சம்பியன் ஆகப்போகும் ஒருவருக்கு இது மிகவும் பிந்திய தொடக்கம். இன்றைய சீனப் பிள்ளைகள் ஐந்து ஆறு வயதில் தொடங்குகிறார்கள்.

இந்த இடத்தில்தான் இந்த வரலாற்றுக்குள் ஒரு பெண் வருகிறார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் ஒகிமுராவைப் பற்றிய சுருக்கக் குறிப்புகளில் அவர் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. டோக்கியோவின் கிச்சிஜோஜி என்ற பகுதியில், போருக்குப் பிந்திய அந்தப் பஞ்ச காலத்தில், ஹிசாயே உவேஹாரா என்ற குடும்பத் தலைவி ஒருவர் மேசைப்பந்துக் கூடம் ஒன்றைத் திறந்தார். கட்டணம் செலுத்தி யாரும் வந்து ஆடலாம். அங்கே மாணவச் சட்டையோடு வந்து சேர்ந்தவர்தான் ஒகிமுரா. வந்தவர் போகவேயில்லை. மற்றவர்கள் வீடு திரும்பிய பின்னும் ஆடிக்கொண்டிருப்பார். ஆட ஆளில்லாவிட்டால் தனியாக நின்று பந்தை அடித்துப் பழகுவார். ஹிசாயே விளக்கை அணைக்காமல் விட்டுவைத்தார், பசித்தபோது உணவும் கொடுத்தார். தந்தையில்லாப் பிள்ளை, தாயோ பகலெல்லாம் வேலையில். அந்தக் கூடமே அவருக்கு இரண்டாவது வீடாயிற்று.

பயிற்சியில் ஒகிமுரா தன்னை வதைத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். மேசைப்பந்து நின்ற இடத்தில் நின்று ஆடும் பொழுதுபோக்கு என்று பலரும் நினைத்திருந்த காலத்தில் அவர் ஓடினார், குந்தியிருந்து தாவினார், பாரம் தூக்கினார். ஒவ்வொரு நாளும் செய்ததை எழுதி வைத்தார். அவர் வகுத்த ஆட்டமுறை எளிமையானது: பந்தைத் தொடங்குவது முதலாவது அடி, எதிராளி திருப்புவது இரண்டாவது, அதற்கு நாம் கொடுப்பது மூன்றாவது. அந்த மூன்றாவது அடியில் தாக்க வேண்டுமானால் முதலாவது அடியை அதற்காகவே அமைக்க வேண்டும். இன்று எந்தப் பயிற்றுவிப்பாளரும் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. இன்னொன்றும் உண்டு. வெற்றி நிச்சயம் என்று தெரியும்வரை காத்திருக்காதே, நூற்றுக்கு 51 வாய்ப்பு இருந்தாலே தாக்கு என்பது அவர் மாணவர்களுக்குக் கொடுத்த கணக்கு.

1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பான் முதன்முதலாகக் கலந்துகொண்டது. ஹிரோஜி சட்டோ என்பவர் பஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்து, பந்தின் சத்தமே கேளாமல் ஆடி, ஒற்றையர் பட்டத்தைத் தூக்கிச் சென்றார். ஆசியாவில் நடந்த முதலாவது உலகப் போட்டியும் அதுதான். ஒகிமுராவின் முறை 1954இல் வந்தது. போட்டி லண்டனில். ஜப்பான் தேசிய அணிக்குத் தெரிவானாலும் பயணச் செலவை வீரரே தேட வேண்டிய நிலை. ஹிசாயேயும் கூடத்தில் ஆடிய நண்பர்களும் தெருவில் நின்று வழிப்போக்கர்களிடம் சில்லறை திரட்டினார்கள். நமது ஊர்களில் ஒரு பிள்ளை கொழும்புக்குப் போட்டிக்குப் போவதற்குப் பள்ளிவாசலடியிலும் சந்தையிலும் காசு சேர்ப்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது.

லண்டன் அவரை அன்போடு வரவேற்கவில்லை. ஜப்பானியச் சிறைமுகாம்களில் வாடித் திரும்பியவர்களும் திரும்பாதவர்களின் குடும்பத்தவர்களும் வாழ்ந்த நகரம் அது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. நமது துறைமுகத்திலும் அப்போது பிரித்தானியக் கடற்படைதான் இருந்தது, 1957இல்தான் அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. வெம்பிளி அரங்கின் கசப்புக்கு நடுவே, இருபத்தொரு வயது ஒகிமுரா சுவீடனின் தாகே பிளிஸ்பெர்க்கை இறுதியாட்டத்தில் வென்று உலக சம்பியன் ஆனார். குழுநிலைப் பட்டமும் ஜப்பானுக்கே. தோற்ற நாடாகத் தலை குனிந்திருந்த ஜப்பானியருக்கு அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பட்டங்களின் கணக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். 1954 முதல் 1961 வரை அவர் வென்ற உலகப் பட்டங்கள் மொத்தம் 12. குழுநிலையில் ஐந்து, ஒற்றையரில் இரண்டு, இரட்டையரில் இரண்டு, கலப்பு இரட்டையரில் மூன்று.

வீரராக இருக்கும்போதே அவர் பயிற்றுவிப்பாளராக மாறத் தொடங்கினார். சுவீடன் அழைத்தது, போனார். தான் செய்த கடும் பயிற்சியையே அங்கிருந்த இளைஞர்களுக்கும் கொடுத்தார். பலர் தாங்கமாட்டாமல் விலகினார்கள். நின்றவர்களில் முதன்மையானவர் ஹான்ஸ் ஆல்சேர். அவரும் கெல் ஜோஹான்சனும் 1967இலும் 1969இலும் உலக இரட்டையர் சம்பியன்கள். ஆல்சேர் பின்னர் தாமும் சுவீடனின் தேசியப் பயிற்றுவிப்பாளராகி, 1977இல் ஒரு விமான விபத்தில் மரணமானார்.

தன் நாட்டு இரகசியத்தை அந்நியருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்ற முணுமுணுப்பு ஜப்பானில் எழுந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. அயலவருக்குக் கொடுத்தால் அவர்கள் நம்மை வெல்வார்கள், வென்றால் நாம் இன்னும் கற்போம் என்பதே அவரது போக்கு. இந்த விடயத்தில் நாம் அவர் பக்கம்தான். நோட்ஸை மறைத்து வைத்துப் படித்தவர்களும் அதைப் பகிர்ந்து படித்தவர்களும் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். பின்னாளில் யார் எப்படி ஆனார்கள் என்பதை இதை வாசிப்பவர்களே அறிவார்கள்.

1962இல் அவர் சீனாவுக்குச் சென்றார். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் அப்போது இராஜதந்திர உறவு கிடையாது, போர்க்காலக் கொடுமைகளின் காயமோ ஆறவில்லை. பிரதமர் சூ என்லாய் அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பை ஒகிமுரா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெண்களின் பாதங்களைச் சிறு வயதிலேயே இறுகக் கட்டி முடமாக்கும் பழைய வழக்கத்தால் சீனப் பெண்களின் உடல்நலம் தலைமுறை தலைமுறையாகக் கெட்டுப்போனதாகவும், பெண்கள் ஓடியாடும் பழக்கம் நாட்டில் பரவ வேண்டும் என்றும், ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகும் ஆட்டம் மேசைப்பந்து என்றும் சூ என்லாய் அவருக்கு விளக்கினாராம். சீனா உலக மேசைப்பந்தில் அசைக்க முடியாத வல்லரசானதைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. பெண்களின் கால்களைப் பற்றிய இந்தக் கவலையும் அதன் தொடக்கத்தில் இருந்தது என்பதை நமது சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது.

கலாசாரப் புரட்சியில் சீனா கதவைச் சாத்திக்கொண்டது. 1967, 1969 உலகப் போட்டிகளுக்கு அதன் அணி வரவில்லை. 1959இல் சீனாவின் முதலாவது உலக சம்பியனாகி, 1965இல் சீனப் பெண்கள் அணியைப் பயிற்றுவித்து உலகக் கிண்ணம் பெற்றுக்கொடுத்த ரொங் குவோதுவான், ஒற்றர் என்ற அபாண்டத்தைத் தாங்காமல் 1968இல் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒகிமுராவின் சம காலத்தவர், அவருக்கு எதிரே ஆடியவர். வயது முப்பது.

1971இல் உலகப் போட்டி ஜப்பானின் நகோயா நகரில். ஜப்பானியச் சங்கத் தலைவர் கோஜி கோட்டோ எதிர்ப்புகளை மீறி நேரே பீஜிங்குக்குச் சென்று சீனாவை அழைத்தார். சீனா வந்தது. அமெரிக்க வீரர் ஒருவர் சீன அணியின் பேருந்தில் ஏறியதும், சீன சம்பியன் சுவாங் செதுங் அவருக்குப் பரிசு கொடுத்ததும், அதன் தொடர்ச்சியாக அடுத்த ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி பீஜிங் சென்றதும் பலரும் அறிந்த கதை. அவ்வளவாக அறியப்படாதது, அதே போட்டியில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் பதினெட்டு வயதுச் சுவீடன் இளைஞர் ஸ்டெல்லான் பெங்ட்சன் என்பது. இறுதியில் அவர் தோற்கடித்தது ஜப்பானின் ஷிகேயோ இத்தோவை. ஒகிமுரா கற்றுக்கொடுத்த நாடு, ஒகிமுராவின் நாட்டிலேயே, அவர் நாட்டவரை வென்றது.

அவர் இனிமையான மனிதர் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். தன்னைப் போலவே பிறரும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார், இல்லாதவர்களிடம் பொறுமை காட்டவில்லை. கூட ஆடியவர்கள் பலருக்கு அவரிடம் மதிப்பு இருந்த அளவு அன்பு இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பிடிவாதம்தான் பின்னாளில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது.

1987இல் புது டில்லி உலகப் போட்டியின்போது சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் தலைவராக அவர் தெரிவானார். அடுத்த ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் மேசைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது. வட கொரியா அந்த ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தது. ஒரே மொழி பேசி, ஒரே உணவு உண்டு, நடுவே முட்கம்பி வைத்துப் பிரிந்திருந்த இரு கொரியாக்களையும் ஒரே அணியாக ஆட வைக்க ஒகிமுரா தீர்மானித்தார். தென் கொரியாவுக்கு இருபது தடவைகள், வட கொரியாவுக்குப் பதினைந்து தடவைகள் போய் வந்தார் என்று சொல்லப்படுகிறது. ஒரு பக்கம் சம்மதித்தால் மறுபக்கம் பின்வாங்கும். மறுபடி போவார். 1991 பெப்ரவரியில் இரு தரப்பும் உடன்பட்டன. கொடி, வெள்ளை நிறத்தில் நீல நிறக் கொரியத் தீபகற்பம். தேசிய கீதத்துக்குப் பதிலாக இருபுறத்தாரும் தாலாட்டுப்போல் அறிந்த அரிராங் என்ற நாட்டார் பாடல்.

போட்டி ஜப்பானின் சிபா நகரில். அணியினர் முன்கூட்டியே ஜப்பானுக்கு வந்து ஒன்றாகப் பயிற்சி பெற்றனர். பெண்கள் அணியில் தெற்கின் ஹியோன் ஜொங்-ஹ்வாவும் வடக்கின் ரி புன்-ஹுய்யும் இருந்தார்கள், அதுவரை ஒருவரையொருவர் எதிர்த்து மட்டுமே ஆடியவர்கள். இறுதியில் எதிரே சீனா, 1975 முதல் தொடர்ந்து எட்டு முறை அந்தப் பட்டத்தை வைத்திருந்த அணி. முதலிரு ஆட்டங்கள் கொரியாவுக்கு, அடுத்த இரண்டும் சீனாவுக்கு. ஐந்தாவது ஆட்டத்தில் வடக்கைச் சேர்ந்த யூ சுன்-பொக், சீனாவின் காவோ ஜுன்னை வென்றார். வடக்கும் தெற்கும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதன, அரங்கில் அரிராங் ஒலித்தது.

அந்த 1991ஆம் ஆண்டு நமது மாவட்டத்தில் எப்படியிருந்தது என்பது இம்மலரை வாசிக்கும் பலருக்குத் தெரியும். அகதி முகாமிலிருந்து பரீட்சைக்குப் படித்தவர்களும், ஒரே வகுப்பில் இருந்துவிட்டு அதன்பின் சந்திக்கவே கிடைக்காமல் போன தோழிகளை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சிபாவில் நடந்தது அப்போது நமது காதுக்கு எட்டவில்லை.

ஹியோனும் ரியும் பிரியும்போது ஹியோன் ஒரு மோதிரத்தைத் தோழிக்குக் கொடுத்தார். 1993இல் சுவீடனில் நடந்த உலகப் போட்டியில் வெவ்வேறு அணிகளில் ஒருமுறை சந்தித்தார்கள்.

ஒகிமுரா 1994 டிசம்பர் 4ஆம் திகதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 62. பதவியில் இருக்கும்போதே மரணம். ஜப்பானில் நடைபெற்றுவந்த சர்வதேசப் போட்டிக்குப் பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது.

2018 மே மாதம், சுவீடனின் ஹால்ம்ஸ்டாட் நகரில் உலகக் குழுநிலைப் போட்டி. காலிறுதியில் வட, தென் கொரியப் பெண்கள் அணிகள் எதிரெதிரே ஆட வேண்டியிருந்தது. அவர்கள் ஆடவில்லை. மேசையருகே வந்து கைகுலுக்கி, ஒரே அணியாகிவிட்டதாக அறிவித்தார்கள். இருபத்தேழு ஆண்டுகளின் பின் மீண்டும் ஒரே கொரியா. அரையிறுதியில் அந்த அணி ஜப்பானிடம் 3-0 எனத் தோற்று, வெண்கலப் பதக்கத்தோடு, இரண்டு நாடுகளுக்கும் திரும்பிச் சென்றது.