மயக்கமருந்தை அளந்து கொடுத்த ஜோன் ஸ்னோ

சிறு உராய்வு ஏற்பட்டாலே தோல் கொப்புளித்து உரிந்துவிடும் அரிய பரம்பரை நோயொன்று உண்டு. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா எனப்படும் இந்நோயுடன் பிறப்போரை வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள் என அழைப்பர். ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரிக்கவும் சுருங்கிய உணவுக்குழாயை விரிக்கவும் இவர்களிற் சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படுகின்றது. இத்தகைய குழந்தைகளும் வலியறியாது உறங்கி எழுவதற்கு வழிசெய்த மருத்துவத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோன் ஸ்னோவை நாம் நினைவுகூர்தல் தகும்.

1813 மார்ச் 15 இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில், தொழிலாளி ஒருவரின் ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவராக அவர் பிறந்தார். 14 வயதில் நியூகாசிலில் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்த அவர், 1844 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். கொலரா குடிநீர் மூலம் பரவுகின்றதென 1854 இல் எடுத்துக்காட்டியவர் என்றே பலரும் அவரை அறிவர். மயக்கமருந்து கொடுப்பதே அவரது பிரதான தொழிலாக விளங்கியமை பலர் அறியாதது.

1846 இறுதியில் ஈதர் இலண்டனை எட்டியபோது, பலர் அதனைக் கண்மதிப்பிலேயே கொடுத்தனர். வெப்பநிலைக்கேற்ப அதன் ஆவியின் அளவு மாறுவதைக் கணக்கிட்டு அட்டவணையாக்கிய ஸ்னோ, அளவைக் கட்டுப்படுத்தும் கருவியையும் உருவாக்கினார்.

1848 ஜனவரியில் நியூகாசிலுக்கு அண்மையில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிரிழந்தாள். துணியில் ஊற்றி முகரச் செய்ததால் ஆவி மிதமிஞ்சியதே காரணமென ஸ்னோ கருதினார். காற்றில் அது சுமார் 5 சதவீதத்தை விஞ்சலாகாது என்பது அவரது முடிவாகும். குழந்தைகளின் சுவாசமும் இரத்தவோட்டமும் விரைவானவை. ஆதலால் அவர்களுக்கு மயக்கம் விரைவில் வந்து விரைவில் தெளியும் என்பதையும் அவர் பதிவுசெய்தார்.

விக்டோரியா மகாராணியின் 1853, 1857 ஆம் ஆண்டுப் பிரசவங்களின்போது குளோரோபோம் அளித்தவரும் அவரே. 1858 ஜூன் 16 இல், தமது 45 ஆவது வயதில் அவர் காலமானார். குளோரோபோம் பற்றிய அவரது நூல் மறைவின் பின்னரே வெளிவந்தது.

இன்று குழந்தையின் நிறையைக் கணித்தே மருந்து அளவிடப்படுகின்றது. வண்ணத்துப்பூச்சிக் குழந்தையாயின், முகத்தில் அழுத்தும் மூடியின் விளிம்பில் மசகுக் களிம்பு பூசப்படுகின்றது. தோலை உரிக்கும் ஒட்டுநாடா தவிர்க்கப்படுகின்றது. இவற்றைச் செய்வதற்கு நோய்பற்றி முன்கூட்டியே தெரிந்திருத்தல் அவசியம். ஆகவே, பெற்றோர் அதனை மறையாது கூறுவதும், வைத்தியர்கள் பொறுமையுடன் கேட்டறிவதும் இன்றியமையாதன என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.