டாக்டர் சுபாஷ் முகர்ஜி

கலியாணமாகிப் பத்து வருஷம் கழிந்தும் ஒரு வீட்டில் குழந்தை இல்லையென்றால், பழி முதலில் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. கடைவாசலில் நின்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டுப் போகிறவர்களுக்கும் குறைவில்லை. இன்று நம் பினாங்கிலேயே இதற்கு வைத்தியம் இருக்கிறது. அந்த வைத்தியத்தில் அன்றாடம் நடக்கும் இரண்டு காரியங்களை, 1978ஆம் வருஷமே கல்கத்தாவில் செய்து காட்டி, அதற்காகப் பொய்யர் என்று பெயர் வாங்கியவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. அன்னாரின் வரலாற்றை நம் சகோதரர்கள் அறியவேண்டும் என்றே இதை எழுதலானேன்.

அவர் 1931 ஜனவரி 16ல் ஹஜாரிபாக் என்னும் ஊரில் பிறந்தார். கல்கத்தாவில் உடற்கூறு சாஸ்திரமும் பின்பு டாக்டர் படிப்பும் படித்து, 1958ல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அது போதாதென்று ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ சென்று, 1967ல் ஹார்மோன் சம்பந்தமாக இரண்டாவது பட்டமும் வாங்கினார். சீமையிலேயே தங்கிவிடாமல் அதே வருஷம் கல்கத்தாவுக்குத் திரும்பி, சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார்.

ஹார்மோன் என்பது யாது? நான் கடைக்காரன், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். பெரிய கடையிலிருந்து கிளைக் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறோம் அல்லவா? அதுபோல் உடம்பிலுள்ள சுரப்பிகள் ரத்தத்தின் வழியாக அனுப்பும் சீட்டுதான் ஹார்மோன். அளவு மிகச் சொற்பம், காரியமோ பெரிது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி உண்டு. அது சீட்டு அனுப்பினால்தான் பெண்ணின் சூலகத்தில் முட்டை முதிரும். சூலகம் தன் பங்குக்கு வேறு சீட்டு அனுப்ப, கருப்பை கருவை ஏற்கத் தயாராகும். சாதாரணமாக மாதத்திற்கு ஒரு முட்டைதான்.

கருக்குழாய் அடைபட்ட ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். முட்டையை வெளியே எடுத்துக் கணவனின் வித்தோடு சேர்த்து, மறுபடி கருப்பையில் வைக்கவேண்டும். அந்த ஒரே முட்டை கைதவறினால் எல்லாம் போயிற்று. ஆகவே டாக்டர் ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை ஒரே தடவையில் முதிரச் செய்தார். இங்கிலாந்து டாக்டர்களும் ஊசியை முயன்று பார்த்துக் கைவிட்டவர்களே. ஏனென்றால், வெளியிலிருந்து இத்தனை சீட்டுகள் போனால் கருப்பையின் கணக்குக் குழம்பிவிடும்; அந்த மாதம் வைத்த கரு தங்குவது கடினம். இதற்கு டாக்டர் கண்ட உபாயம் பொறுமைதான். கருவைக் குளிரில் உறையவைத்து, 53 நாள் காத்து வைத்து, ஊசியின் வேகம் அடங்கிய பிறகு கருப்பையில் வைத்தார். சுனித் முகர்ஜி என்ற குளிர்ப்பதன நிபுணரும், சரோஜ்காந்தி பட்டாச்சார்யா என்ற மகப்பேறு டாக்டரும் அவருக்குத் துணை நின்றார்கள்.

1978 அக்டோபர் 3ல் பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து சரியாக எழுபது நாள் ஆகியிருந்தது. கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே உரியதாயின் இந்த வைத்தியம் ஆகும் என்று எகிப்து தேசத்து முஃப்தி 1980ல் ஃபத்வா கொடுத்ததையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பெற்றோர் ஊராரின் வாய்க்கு அஞ்சித் தங்களை வெளியே காட்ட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள். டாக்டர் அதை அமானிதமாகக் காத்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று. நவம்பரில் மேற்கு வங்க சர்க்கார் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அதன் தலைவர் ரேடியோ சம்பந்தமான பௌதிக சாஸ்திரி! இந்த வைத்தியத்தைக் கையால் செய்து பழகியவர் ஒருவரும் அதில் இல்லை. கணக்கு எழுதப்பட்ட பாஷையே தெரியாதவரிடம் பேரேட்டைக் கொடுத்துத் தணிக்கை செய்யச் சொன்ன கதைதான். குழுவினர் அவர் சொன்னதை நம்பவில்லை. 1979ல் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. போக அனுமதி இல்லை. நெஞ்சுவலி கண்டது. 1981 ஜூனில் அவரைக் கண் வைத்திய ஸ்தாபனத்திற்கு மாற்றினார்கள். ஹார்மோன் படித்தவருக்குக் கண் ஆஸ்பத்திரியில் என்ன வேலை? அந்த மாதம் 19ந் தேதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது ஐம்பது. பள்ளி ஆசிரியையான மனைவி நமிதா தனியே நின்றார்.

1983ல் ஆஸ்திரேலியாவில், உறையவைத்த கருவால் ஒரு பெண் கருவுற்ற செய்தி வந்தது. 1986ல் பம்பாயில் ஒரு குழந்தை பிறந்து, இந்தியாவில் இதுவே முதல் என்று பதிவாயிற்று. அந்தப் பெருமைக்கு உரியவர்களில் ஒருவர் விஞ்ஞானி ஆனந்த குமார். அவர் 1997ல் கல்கத்தா சென்றபோது முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் அவரிடம் கொடுக்கப்பட்டன. வாசித்துப் பார்த்தார். முதல் இடம் தமக்கல்ல, முகர்ஜிக்கே என்று அதே வருஷம் விஞ்ஞான சஞ்சிகையில் எழுதிவிட்டார். தம் கைக்கு வந்த பெயரைத் தாமே திருப்பிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, இருபத்தைந்து வயதானபோது, 2003ல், தான் யார் என்பதைத் தானே உலகறியச் சொன்னாள்.